வாந்தியின் நிறத்தையும் எழுதுங்கள்

குழந்தைகள் அவசரப் பிரிவில் இரவு வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அந்தப் பிரிவை நடத்தும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

குடல் சுழற்சிக் கோளாறு என்றால் என்னவென்று உங்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. நீங்கள் படித்துத் தேர்வெழுதியது அது. எனக்கோ என் மகள் பிறந்த பத்தாம் நாள் விடியற்காலையில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு சர்ஜன் பேப்பரில் படம் போட்டுச் சொல்லித்தான் தெரியும். இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது எழுதுவதற்குக் காரணம், முதலில் நாங்கள் போன மருத்துவமனையின் கேஸ் ஷீட் நகல் போன வாரம் கைக்கு வந்தது. அதில் இருப்பது இவ்வளவுதான்: "வாந்தி, 3 முறை. வயிறு மென்மையாக உள்ளது. தாய்ப்பால் தொடரவும்."

என்ன நிறம் என்று எங்கேயும் இல்லை.

நான் சொன்னேன். முதல் வாந்தியைத் துடைத்த துணியைக் கையோடு கொண்டுபோய் விரித்தும் காட்டினேன். பாசி மாதிரி பச்சை. பணியில் இருந்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முதல் குழந்தையாம்மா?" என்றார். இரண்டாவது என்றேன். "அப்ப உங்களுக்கே தெரியுமே, குழந்தைங்க கக்கத்தான் செய்யும். ஏப்பம் எடுக்க வைச்சு இன்னும் கொஞ்சம் பால் கொடுங்க" என்றார். கொடுத்தேன். பிரசவமாகி ஒன்பது நாள்தான், உட்காரவே முடியவில்லை, அந்த இரும்பு நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு அழுகிற குழந்தைக்கு டாக்டர் சொன்னார் என்று பால் கொடுத்தேன், கொடுத்ததெல்லாம் பச்சையாகத் திரும்பி வந்தது. உள்ளே குடல் முறுக்கிக்கொண்டு கிடந்தபோது நான் மேலே மேலே பால் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பது பிற்பாடுதான் புரிந்தது. இதை எழுதும்போதும் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது, மன்னிக்கவும்.

எக்ஸ்ரே எடுத்தார்கள், நார்மல் என்றார்கள். வயிறு மெத்தென்று இருக்கிறது என்றார்கள். இரண்டுமே உண்மைதான். குடல் முறுக்கின் ஆரம்பத்தில் வயிறு மெத்தென்றுதான் இருக்கும், எக்ஸ்ரேயும் ஏமாற்றும் என்பது எனக்குத் தெரியாமல் போகலாம், உங்களுக்குமா? ஸ்கேன் எடுப்பவர் காலை எட்டு மணிக்கு வருவார், அதுவரை பார்க்கலாம் என்றார்கள். இரவு இரண்டு மணிக்கு வயிறு உப்பி, மலத்தில் ரத்தம் வந்த பிறகுதான் எல்லாரும் ஓட ஆரம்பித்தார்கள். மாலை ஏழு மணிக்கு முதல் பச்சை வாந்தி. வேறு மருத்துவமனையில் கத்தி வைத்தது விடிகாலை நாலரைக்கு.

கருவில் குடல் வயிற்றுக்கு வெளியே நீண்டு, 270 டிகிரி சுற்றித் திரும்ப உள்ளே வந்து, அகலமான அடித்தளத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சுற்று பாதியில் நின்றுவிடுவதுதான் குடல் சுழற்சிக் கோளாறு. அப்படி நின்றுவிட்டால், சிறுகுடல் மொத்தமும் ஒரு குறுகலான காம்பில் தொங்கும். அந்தக் காம்புக்குள்தான் குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஓடுகிறது. காம்பு முறுக்கினால் ரத்தம் நிற்கும், சில மணி நேரத்திலேயே குடல் சாக ஆரம்பிக்கும். இதற்கான அறுவை சிகிச்சையை வில்லியம் லாட் என்ற பாஸ்டன் சர்ஜன் 1936இலேயே எழுதிவைத்துவிட்டார். முறுக்கைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் பிரிப்பது, டியோடினத்தின் (சிறுகுடலின் முதல் பகுதி) குறுக்கே அழுத்தும் பட்டைகளை வெட்டுவது, காம்பின் அடியை அகலப்படுத்துவது, சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைப்பது, குடல்வாலை (அப்பெண்டிக்ஸை) எடுத்துவிடுவது. இன்றைக்கும் அடிப்படை அதுதான். ஆக, வைத்தியம் தெரியாமல் எந்தக் குழந்தையும் குடலை இழப்பதில்லை, நேரம் போய்த்தான் இழக்கிறது.

என் மகளின் வயிற்றைத் திறந்தபோது குடல் கருத்திருந்ததாம். முறுக்கைப் பிரித்து, வெதுவெதுப்பான உப்பு நீரில் நனைத்த துணியால் மூடி, நிறம் திரும்புகிறதா என்று அந்த சர்ஜன் காத்திருந்தார். (அவரும் நிறத்தைத்தான் பார்த்தார், கவனியுங்கள்.) பெரும்பகுதி சிவந்தது. சந்தேகமாக இருந்த இடத்தை அப்படியே விட்டு மூடி, ஒன்றரை நாள் கழித்துத் திரும்பத் திறந்து, பிழைக்காத பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார். மிஞ்சிய குடல் பழகும்வரை மாதக்கணக்கில் ரத்தக்குழாய் வழியாகத்தான் ஊட்டம். இன்று ஓடுகிறாள், கத்துகிறாள், என்னைப் போட்டுப் பாடாய்ப் படுத்துகிறாள். ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் யாராவது ஒருவர் "பச்சை" என்று எழுதியிருந்தால் அந்த வெட்டே தேவைப்பட்டிருக்காதோ என்ற கணக்கு மட்டும் எனக்கு இன்னும் முடியவில்லை.

நான் கேட்பது இதுதான். பச்சிளம் குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், வேறு காரணம் என்று நிரூபிக்கும்வரை அதைக் குடல் முறுக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பாலை நிறுத்துங்கள், மூக்கு வழியாகக் குழாய் போடுங்கள், ட்ரிப்ஸ் ஏற்றுங்கள், அதே மணி நேரத்தில் குழந்தைகள் சர்ஜனைக் கூப்பிடுங்கள். அவர் இல்லாத இடம் என்றால் இருக்கிற இடத்துக்கு உடனே அனுப்புங்கள். எக்ஸ்ரேயில் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்து கொடுத்து டியோடினம் போகும் பாதையைப் பார்ப்பதோ, அல்ட்ராசவுண்டில் ரத்தக்குழாய்கள் சுழல் மாதிரி சுற்றியிருக்கிறதா என்று தேடுவதோ இரவில் செய்யக்கூடாத வேலை என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? குழந்தை துவண்டு கிடந்தால் அதற்கும் காத்திருக்காமல் நேராகத் தியேட்டருக்குக் கொண்டுபோவதுதான் முறை என்று அந்த சர்ஜனே சொன்னார்.

"அபூர்வமான நோய்ம்மா" என்று என்னிடம் சொன்னார்கள். சரி, அறிகுறி காட்டும் அளவுக்கு இது வருவது சுமார் 6,000 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் என்று பாடநூல்களே சொல்கின்றன. ஆனால் உங்கள் வாசலுக்கு வருவது அந்த ஆறாயிரம் பேரும் இல்லையே, பச்சையாக வாந்தி எடுத்த குழந்தை மட்டும்தானே? அப்படி வரும் குழந்தைகளில் பலருக்குப் பரிசோதனையில் ஒன்றும் இருக்காது என்பதும் தெரியும். இருக்கட்டும். ஒன்றும் இல்லை என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் அம்மாக்கள் உங்கள் மேல் வழக்குப் போட மாட்டார்கள்.

இவ்வளவு நடந்த பிறகு, மறுநாள் காலை தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நான் உட்கார்ந்திருந்தபோது, முதல் மருத்துவமனையிலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது: "எங்கள் சேவை எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை?" என்னைப் பற்றிய விவரம் கேட்க அவ்வளவு நுணுக்கமான மென்பொருள் வைத்திருக்கிறீர்கள். வந்த நேரம், டோக்கன் எண், இன்சூரன்ஸ் எண், காத்திருந்த நிமிடங்கள் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. வாந்தியின் நிறத்துக்கு ஒரு கட்டம் இல்லை. அதற்கு எத்தனை நட்சத்திரம் கொடுக்கலாம், நீங்களே சொல்லுங்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், விஷயத்துக்கு வருகிறேன். கேஸ் ஷீட்டில் நிறத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். பக்கத்தில் ஒரு வண்ண அட்டையும் மாட்டிவையுங்கள், ஏனென்றால் அந்தப் பச்சை பித்தத்தின் நிறம், ஆனால் பித்தம் கலந்த வாந்தி என்றால் மஞ்சள் என்று நினைக்கும் பெற்றோர் நிறையப் பேர். வாயால் கேட்டால் ஆளுக்கொரு நிறம் சொல்வோம், அட்டையைக் காட்டினால் விரலை வைத்துவிடுவோம்.

அப்புறம் இன்னொன்று. லாட் அறுவை முடிந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது, இவள் குடல் எந்தப் பக்கம் இருக்கிறது, குடல்வால் எடுத்தாயிற்று, அறுவைக்குப் பின் உள்ளே குடல் ஒட்டிக்கொள்வதால் பிற்காலத்தில் அடைப்பு வரலாம், திரும்ப முறுக்கிக்கொள்வதும் அரிதாக உண்டு, பச்சை வாந்தி வந்தால் எந்த வயதிலும் அவசரம் என்று ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கொடுங்கள். போன மாதம் வயிற்றுவலி என்று தூக்கிக்கொண்டு போனேன். ஒரு இளம் மருத்துவர் வலப்பக்கம் அழுத்திப் பார்த்து, அப்பெண்டிக்ஸாக இருக்குமோ என்றார். ஐயா, அது போய் இரண்டு வருஷம் ஆச்சு என்றேன். நல்ல பிள்ளை, சிரித்துவிட்டு, வாந்தி எடுத்தாளா, என்ன நிறம் என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவர் காலில் விழலாம் போலிருந்தது.

அந்தக் கேள்வியைத்தான் உங்கள் எல்லாரிடமும் கேட்கிறேன். தயவுசெய்து கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள், பச்சை என்றால் காலை எட்டு மணிவரை காத்திருக்காதீர்கள். அந்தத் துணி இன்னும் என்னிடம் இருக்கிறது. கறை மங்கிவிட்டது, ஆனாலும் என்ன நிறம் என்று தெரிகிறது. வண்ண அட்டை அச்சடிக்கும்போது மாதிரி வேண்டுமென்றால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்