காற்பந்துப் பயிற்சியும் சமூகப் பணியும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

பெருமதிப்பிற்குரிய பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

வணக்கம். நம் பள்ளியின் 12 வயதுக்குட்பட்டோர் காற்பந்துக் குழுவின் பயிற்சியைப் பொறுப்பாசிரியர் இந்தத் தவணை முதல் கைத்தொலைபேசியில் பதிவு செய்வார் என்றும், அக்குழுவினர் பள்ளியைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்காக ஒரு சமூகப் பணியை மேற்கொள்வார்கள் என்றும் பள்ளி நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து முடிவு செய்துள்ளன. பதிவு எதற்காக, காற்பந்துக்கும் சமூகப் பணிக்கும் என்ன தொடர்பு, எங்கள் பிள்ளைகளின் படங்கள் யார் கைக்குப் போகும் என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். கேட்டே ஆக வேண்டிய கேள்விகள் அவை. ஒப்புதல் படிவத்தில் நீங்கள் கையொப்பமிடுவதற்கு முன் அவற்றுக்கு விளக்கம் தருவது என் கடமை.

ஆட்டம் முடிந்து சட்டையைக் கழற்றும் ஆட்டக்காரர்கள் உள்ளே கறுப்பு நிறத்தில் ஒரு கச்சை அணிந்திருப்பதைப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். அதன் முதுகுப் பக்கத்தில், தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள சிறு பையில் ஒரு ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. ஆட்டக்காரர் எவ்வளவு தூரம் ஓடினார், எத்தனை முறை முழு வேகத்தை எட்டினார், எங்கே சட்டென நின்று திரும்பினார் என்பதையெல்லாம் அது பதிவு செய்கிறது. தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். ஆனால் பயிற்றுநர்கள் மொத்தத் தூரத்தைவிட, ஒரு வாரத்தில் அதிவேக ஓட்டம் திடீரெனக் கூடியிருக்கிறதா என்பதையே கூர்ந்து பார்க்கிறார்கள். அப்படிக் கூடியிருந்தால் தொடையின் பின்தசை கிழிவதற்குமுன் அவருடைய பயிற்சியைக் குறைத்துவிடலாம். 2022ஆம் ஆண்டு கத்தார் உலகக் கிண்ணத்தில் அரங்கக் கூரையடியில் பொருத்திய 12 கேமராக்கள் ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை கண்காணித்தன; பந்துக்குள் இருந்த உணரி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது.

நம் பள்ளியில் இவை எதுவும் இல்லை. ஒரு தொடக்கப்பள்ளிக்கு இவை தேவையும் இல்லை. நம்மிடம் இருப்பது ஆசிரியரின் கைத்தொலைபேசிதான். சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இடப்புறம் திரும்பும்போதெல்லாம் வழுக்கி விழுந்துகொண்டிருந்தான். கவனக்குறைவு என்று நண்பர்கள் அவனைக் கேலி செய்தார்கள். ஆசிரியர் அவன் ஓடுவதைப் படம்பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டியபோது, கால் திரும்பிய பிறகே காலணி திரும்புவது தெளிவாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று வீட்டில் பெரிய அளவாகப் பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. விலைவாசி இருக்கும் நிலையில் நம்மில் பலரும் அப்படித்தான் வாங்குகிறோம். முன்னாள் மாணவர் ஒருவர் கொடுத்த பழைய காலணி அவனுக்குப் பொருந்தியது, வழுக்குவதும் நின்றது. பதிவு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை என்னிடம் இல்லை.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32 பாகையைத் தாண்டினால் ஆட்டத்தின் நடுவே நீர் அருந்த இடைவேளை விடும் முறையை உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா பின்பற்றியிருக்கிறது. பினாங்கின் பிற்பகல் வெயிலையும் புழுக்கத்தையும் நீங்கள் அறிவீர்கள். ஆகவே பயிற்சி இனி மாலை 5 மணிக்கே தொடங்கும்; இடையில் இரண்டு முறை கட்டாய இடைவேளை உண்டு. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பெரிய தண்ணீர்ப் புட்டி கொண்டு வரட்டும்.

2021 ஜூன் 12ஆம் நாள் கோப்பன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் மோதிய ஆட்டத்தில் டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயத் துடிப்பு நின்று திடலில் சாய்ந்தார். உடனடியாக நெஞ்சை அழுத்திச் செய்த முதலுதவியும், துடிப்பை மீட்கும் மின்னதிர்வுக் கருவியும் அவர் உயிரைக் காத்தன. உடலுக்குள் பொருத்திய சிறு கருவியுடன் அவர் 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரெண்ட்போர்ட் அணிக்காக மீண்டும் களமிறங்கினார். அந்நிகழ்வுக்குப் பிறகு, இங்கிலாந்தின் முதல்நிலைக் காற்பந்து லீக்கான பிரீமியர் லீக் சிறிய ஊர் மன்றங்களின் திடல்களுக்கும் அத்தகைய கருவிகள் கிடைக்க நிதி ஒதுக்கியது. புகழ்பெற்ற ஒருவரின் உயிரைக் காத்த பொருள் பெயர் தெரியாத பிள்ளைகளின் திடலுக்கும் போய்ச் சேர்ந்தது என்பதே இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் பெற்றோர்களில் தாதியர்களும் மருத்துவ உதவியாளர்களும் இருக்கிறீர்கள். ஒரு சனிக்கிழமை காலை ஒதுக்கி, ஆசிரியர்களுக்கும் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கும் இந்த முதலுதவியைக் கற்றுத் தருமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, கைத்தொலைபேசியின் மற்றொரு ஆற்றலுக்கு வருகிறேன். 2016 பிப்ரவரியில் பகாங் அணிக்கு எதிராக நம் பினாங்கு அணியின் முகமது ஃபாயிஸ் சுப்ரி அடித்த ஃப்ரீகிக்கை எத்தனை முறை பார்த்தோம்! காற்றில் திசை மாறி வலைக்குள் பாய்ந்த அந்தப் பந்தின் காணொளி உலகம் முழுவதும் பரவியது. இணைய வாக்கெடுப்பில் முதலிடம் பெற்று ஆண்டின் மிக அழகான கோலுக்கு ஃபிஃபா வழங்கும் புஷ்காஸ் விருதும் அவருக்குக் கிடைத்தது. ஒரு கோலை இவ்வளவு தூரம் கொண்டு செல்லும் ஊடகம் ஒரு கோரிக்கையையும் கொண்டு செல்லும். மேன்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரராக இருந்த மார்கஸ் ராஷ்போர்ட் செய்து காட்டியது அதைத்தான்.

2020 ஜூன் மாதம், பெருந்தொற்றின் நடுவில், ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளி உணவு உதவியைக் கோடை விடுமுறையில் நிறுத்தப் போவதாக இங்கிலாந்து அரசு இருந்தது. ராஷ்போர்ட் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் ஒரு கடிதம் எழுதி டுவிட்டரில் வெளியிட்டார். குறைந்தபட்சச் சம்பளத்தில் முழுநேரம் உழைத்தும், ஐந்து பிள்ளைகளுக்கு வயிறார உணவு தர முடியாமல் தவித்த தம் தாயைப் பற்றியும், பள்ளியின் இலவச உணவில் தாம் வளர்ந்ததைப் பற்றியும் அதில் மறைக்காமல் எழுதியிருந்தார். மறுநாளே அரசு முடிவை மாற்றியது, ஏறக்குறைய 1.3 மில்லியன் பிள்ளைகளுக்கு அந்த உதவி தொடர்ந்தது. அக்டோபரில் அடுத்த விடுமுறைக்கான கோரிக்கை நாடாளுமன்றத்தில் தோற்றபோது அவர் யாரையும் ஏசவில்லை. இலவசமாக உணவு தர முன்வந்த சிற்றுண்டிக் கடைகள், உணவகங்கள், ஊராட்சி மன்றங்களின் அறிவிப்புகளை ஒவ்வொன்றாகத் தம் பக்கத்தில் பகிர்ந்துகொண்டே இருந்தார். எந்தத் தெருவில் எந்தக் கடையில் உணவு கிடைக்கும் என்று ஒரு தாய் அதைப் பார்த்தே அறிய முடிந்தது. நவம்பரில் அரசு மீண்டும் இறங்கி வந்தது.

ஆர்எம்டி கூடுதல் உணவுத் திட்டத்தில் காலை உணவு உண்ணும் பிள்ளைகள் நம் பள்ளியிலும் இருக்கிறார்கள். அந்த வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டுப் பசியோடு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளையும் நான் அறிவேன். உலகமே அறிந்த ஓர் ஆட்டக்காரர் தாமும் அப்படி வளர்ந்தவர் என்று வெளிப்படையாகச் சொன்னதை அப்பிள்ளைகள் அறிய வேண்டும் என்பது என் ஆசை. 2021ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது உதவி தேவை என்பதற்கு அடையாளமாக வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டியவர்களின் செய்தி சமூக ஊடகங்கள் வழியே பரவி, முன்பின் தெரியாதவர்கள் அரிசியும் பருப்பும் கொண்டு போய்க் கொடுத்ததை நம் நாட்டிலும் கண்டோம்.

ஆகவே, தீபாவளிக்கு முன் நம் காற்பந்துக் குழுவினர் உலர் உணவுப் பொருள்களைத் திரட்டி, அருகிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தனியே வாழும் முதியவர்களுக்குக் கொண்டு சேர்ப்பார்கள். அழைப்புக் காணொளியை மாணவர்களே தயாரிப்பார்கள். வகுப்புப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் மட்டுமே அது பகிரப்படும். உதவி பெறும் எவருடைய முகமும், வீட்டு எண்ணும், வாசலும் படம்பிடிக்கப்படமாட்டா. கொடுப்பவர் சிரிக்க, வாங்குபவர் தலைகுனிந்து நிற்கும் படங்களை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம். நம் பிள்ளைகள் அப்படியொரு படத்தை எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

படங்களைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. 2021 ஜூலையில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்ட அதே ராஷ்போர்டும் அவருடைய குழுவினர் இருவரும் சமூக ஊடகங்களில் இனவெறி வசைக்கு ஆளானார்கள். வசைக் கருத்துகளை ஆட்டக்காரர்களின் கண்ணில் படாமல் மறைக்கும் சேவையை ஃபிஃபாவும் ஆட்டக்காரர் சங்கமும் 2022இல் தொடங்க வேண்டி வந்தது. பெரியவர்களுக்கே இந்த நிலை என்றால், கோலை விட்டுவிட்ட பத்து வயதுப் பிள்ளையின் காணொளி சிரிப்புக் குறிகளோடு சுற்றினால் அந்தப் பிள்ளை என்ன ஆகும்? தங்கள் ஓட்டக் கணக்குகளைப் பிறர் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதாக இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள் சட்ட நடவடிக்கையில் இறங்கியதும் நமக்கு ஒரு பாடம். ஆகவே பயிற்சிப் பதிவுகள் பொறுப்பாசிரியரிடம் மட்டுமே இருக்கும். தவணை முடிவில் அழிக்கப்படும். உங்கள் பிள்ளையின் பதிவை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். போட்டிகளைக் காண வரும் பெற்றோர்கள் மற்றவர் பிள்ளைகளை முகநூலிலோ டிக்டாக்கிலோ நேரலையில் காட்ட வேண்டாம் எனவும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்புதல் படிவம் இக்கடிதத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. பதிவுக்கும் சமூகப் பணிக்கும் தனித்தனியே கையொப்பமிடும் இடங்கள் உள்ளன. ஒன்றுக்கு இசைந்து மற்றொன்றை மறுத்தாலும் உங்கள் பிள்ளை குழுவில் தொடர்ந்து ஆடலாம். படிவத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்கவும். அளவு சிறுத்துப்போன, நல்ல நிலையில் உள்ள காற்பந்துக் காலணிகள் உங்கள் வீட்டில் இருந்தால் அவற்றையும் அலுவலகத்தில் கொடுத்து உதவுங்கள்.

நன்றி.

இக்கண்,
தலைமையாசிரியர்
பினாங்கு