‘யூ.எஸ்.பி. ரெக்கோர்டிங்’ என்று விற்ற கிற்றார் அம்ப் பற்றிய முறைப்பாடு

கல்லடி,
மட்டக்களப்பு.
2025.06.14

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

வணக்கம்.

இம்மாதம் 3ஆம் திகதி உங்கள் இணையக் கடையில், கிற்றாரின் சத்தத்தைக் கூட்டும் 5 வாட் அம்ப் ஒன்றை 28,500 ரூபாவுக்கு வாங்கினேன். கூரியரில் பத்திரமாக வந்தது. அதன் சத்தத்தில் எனக்குக் குறையில்லை. எங்கள் ஒழுங்கையில் வீடுகள் நெருக்கம். பாதிக்குத் திருப்பினாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். இரவில் ஹெட்போனைக் குத்தினால் ஸ்பீக்கர் நின்றுவிடுகிறது. பழகுவதற்கு நல்ல சாமான்.

ஆனால் நான் பழகுவதற்கு மட்டும் வாங்கவில்லை.

எங்கள் அயலில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் ஒருவர் இருக்கிறார், வயது 78. அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். கலியாண வீடுகளில் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின் வாசித்தவர். அவருடைய மெட்டுகளை யாரும் எழுதி வைக்கவில்லை, அவர் விரலில்தான் இருக்கின்றன. கிற்றாரை நான் முதலில் லப்டொப்பில் பதிந்து கொடுத்தால், அதைக் கேட்டபடி அவர் ஆறுதலாக வாசிக்கலாம். அதற்காகத்தான் இந்த அம்ப்.

வாங்குவதற்கு முன் உங்கள் விற்பனைப் பிரிவுக்குப் போன் எடுத்து ஒரேயொரு கேள்விதான் கேட்டேன். “தம்பி, யூ.எஸ்.பி. வயரால் இதிலிருந்து நேரே லப்டொப்பில் ரெக்கோர்ட் பண்ணலாமா?” “ஓம் அண்ணா, பின்னுக்கு யூ.எஸ்.பி. இருக்குதானே” என்றார். உங்கள் விளம்பரத்திலும் அப்படியே இருந்தது.

யூ.எஸ்.பி. இருக்கிறது, உண்மை. குத்தினால் சிவப்பு லைட் எரிகிறது, பற்றரி சார்ஜ் ஆகிறது. லப்டொப்பில் அம்ப்பின் பெயரே வரவில்லை. வயர் பிழையோ என்று, போனிலிருந்து படம் ஏற்றுகிற வயரை மாற்றிப் பார்த்தேன். அதே கதைதான். பிறகு டோர்ச் அடித்துப் பார்த்தால், துளைக்குக் கீழே கறுப்பின் மேல் கறுப்பாக ‘டீ.சீ. 5 வீ’ என்று பொறித்திருக்கிறது. அது மின்சாரம் எடுக்கும் வழி மட்டும். ஒலியை டிஜிட்டலாக்கிக் கணினிக்கு அனுப்பும் சுற்று இதற்குள் இல்லவே இல்லை.

ஹெட்போன் துளையிலிருந்து லப்டொப்பின் மைக் துளைக்கும் வயர் எடுத்துப் பார்த்தேன். மைக்கின் மெல்லிய சிக்னலுக்குச் செய்த இடம் அது. கிற்றார் வெடித்து வெடித்துத்தான் பதிகிறது. சத்தத்தைக் குறைத்தால் இரைச்சல்தான் மிஞ்சுகிறது.

7ஆம் திகதி மறுபடி போன் எடுத்தபோது, பாவித்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம், கிற்றாரை லப்டொப்பில் பதிய இணைக்கும் கருவியான ஓடியோ இன்டர்பேஸ் ஒன்று தனியாக வாங்குங்கள் என்றார்கள். முதலே சொல்லியிருந்தால் இந்தக் காசுக்கு அதையே வாங்கி, அம்ப் சத்தத்தை லப்டொப் மென்பொருளில் எடுத்திருப்பேனே. இனி அதற்குக் காசில்லை.

அம்ப்பைத் திருப்பி எடுத்து, 28,500 ரூபாவையும் கூரியர் செலவையும் 14 நாளுக்குள் தாருங்கள். விளம்பரத்திலும் ‘யூ.எஸ்.பி. சார்ஜுக்கு மட்டும்’ என்று திருத்துங்கள். மாதக்கணக்காகக் காசு சேர்த்து முதல் அம்ப் வாங்கும் பிள்ளைகள் அதைத்தான் நம்புகிறார்கள்.

தவறினால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுவேன். அதற்கு வாங்கிய நாளிலிருந்து 3 மாதம் இருக்கிறது. பில்லும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டும் என்னிடம் உண்டு. பிரதிகளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போதெல்லாம் அங்கிள் கேற்றடியில் நின்று, “ரெடியா மகன்?” என்று கேட்கிறார். அம்ப் வந்த பெட்டியிலேயே கட்டி வைத்திருக்கிறேன். கூரியர்காரரை அனுப்பினால் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்