கையாலைக்கு அந்தப் பக்கம்

மக்கா,

ஆறு மாசமா ஒரு போன்கூட இல்லையேன்னு நீ திட்டுவது இங்க கேக்குது. திட்டு, ஆனா வாசிச்சு முடிச்சிட்டுத் திட்டு. வீட்டுல எல்லாருக்கும் சுகம். அம்மைக்கு முட்டுவலி. மரச்சீனிய பன்னி தோண்டிட்டுப் போச்சு. அவ்வளவுதான்.

விஷயம் நம்ம சக்கைச் சேட்டனைப் பற்றி. ஆமா, அவரேதான். அன்னைக்கு அவரு கையால ஒனக்க முதுகுல அடி விழுந்த சத்தம் எனக்கு இன்னும் ஓர்மை இருக்கு. ரெண்டு மாசம் முந்தி, விடியக்காலம் பால்வெட்டப் போன மனுஷன் ரப்பர் மூட்டிலேயே விழுந்துட்டார். பக்கவாதம். வலது பக்கம் அசையாது, பேச்சும் குழறுது.

எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல உள்ள எல்லைச் சுவர், அந்தக் கையாலை வழக்கு ஒனக்குத் தெரியும். மூணடி மண்ணுக்கு எட்டு வருஷம். எனக்க வீடு தமிழ்நாடு, அவருக்க வீடு கேரளா. எந்தக் கோர்ட்டுன்னு முடிவு பண்ணவே ரெண்டு வருஷம் போச்சு. விழுந்த சேதி கேட்டதும் நான் என்ன செய்தேன்னு நெனைக்க? ஜெபக்குறிப்புல எழுதிக் குடுத்தேன். அடுத்த ஞாயிறு சபையில அறுப்பின் பண்டிகை. ஏலத்துல வீம்புக்குக் கேட்டு ஒரு ஏத்தங்குலைய, அந்த நேந்திர வாழைக்குலைய, 3,500 ரூபாய்க்கு எடுத்தேன். எல்லாரும் கை தட்டினாங்க. வீட்டுக்கு வந்ததும் இவ கேட்டா: "அந்தக் காசுக்கு அந்தச் சேட்டனுக்கு ஒரு காத்து மெத்தை வாங்கியிருக்கலாமே?"

அன்னைக்கு ராத்திரிதான் கையாலையத் தாண்டினேன். சேச்சி ஒத்தையில அவரைப் புரட்ட முடியாம அழுதுட்டிருந்தா. முதுகுல அதுக்குள்ள புண்ணு. அவங்க பஞ்சாயத்துல இருந்து படுத்த படுக்கையா கெடக்கிறவங்களப் பாக்குற பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வராங்க, அது பெரிய காரியம். ஆனா நர்ஸ் வந்துட்டுப் போன பெறகு மீதி நாளெல்லாம் யாரு? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போடணும். இழுக்கக் கூடாது, தூக்கணும். இழுத்தா தோல் உரியும். சிவந்த இடத்தத் தேய்க்கக் கூடாது. முழங்காலுக்கு நடுவுல தலையணை. எல்லாம் அந்த நர்ஸ் பிள்ளை சொல்லித் தந்தது. மொதல் நாள் நான் அவருக்கு மேல் கழுவினப்போ அவர் சுவரைப் பாத்துக் கெடந்தார். நானும் சுவரைத்தான் பாத்தேன்.

ஓய்வுநாள் பள்ளியில கேட்டு வளர்ந்த சாமர்வெல் டாக்டர் கதை இப்போ அடிக்கடி ஞாபகம் வருது. 1922-ல எவரெஸ்ட்டுக்குப் போன மனுஷன், அது முடிஞ்சு ஊர் சுத்தி வந்தப்போ நெய்யூர் ஆசுபத்திரிக் கூட்டத்தப் பாத்துட்டு, பெறகு இங்கேயே வந்து ஆபரேஷன் கத்தி பிடிச்சார். நான் நாலடிக் கையாலை ஏற எட்டு வருஷம் எடுத்திருக்கேன்!

இன்னொண்ணு. நம்ம பழைய வேதாகமத்துல 'பிறனிடத்திலும் அன்புகூருவாயாக'ன்னுதானே? பிறன்னா யாரோ ஒருத்தன், தூரத்துல இருக்கலாம். காணிக்கை கவர்ல போட்டு அனுப்பிடலாம். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல பாறசாலைப் பக்கம் பழைய மலையாள பைபிள்ல அதே எடத்துல 'கூட்டுகாரன்'. அதுகூட சமாளிக்கலாம், கூட்டுகாரன்னா சிநேகிதன், அதாவது நீ. ஆனா கத்தோலிக்கருக்க திருவிவிலியம் 'அடுத்திருப்பவர்'ன்னு போட்டிருக்கு பாரு, அதுல தப்பிக்க வழியில்ல. சர்வேக்காரன் கல்லு நட்டுக் காட்டின மாதிரி இருக்கு.

சபையில ஆள் கேட்டேன். 'அவங்க நம்ம ஆளா?'ன்னு ஒருத்தர் கேட்டார், யாருன்னு ஒனக்கே தெரியும். உபதேசியார் ஒண்ணுமே சொல்லல. ராத்திரி டார்ச் அடிச்சுட்டு வந்து நின்னார். இப்போ சபைப் பையன்க மூணு பேரும் முறை வச்சு வராங்க. வழக்கு அப்படியேதான் கெடக்கு, வாபஸ் வாங்கல. அதச் சொல்லாம விட்டா பொய்யாயிரும்.

ஒனக்கு ஒரு வேலை இருக்கு. அவருக்க மகனும் ஷார்ஜாவுலதான். காசு அனுப்புறான், ஆனா அப்பன் மொகத்த வீடியோவுல காட்டினா போனை வச்சிருறான். பயம்னு தோணுது. விசாவுலயும் ஏதோ சிக்கல். வெள்ளிக்கிழமை போய் அவனைப் பாரு. புத்தி சொல்லாத, உபதேசம் பண்ணாத. சோறு வாங்கிக் குடுத்து, கூட இரு. நம்பர் தனியா அனுப்புறேன்.

மணி பத்தாகப் போகுது, அவரத் திருப்பிப் போடணும். மீதி பெறகு.

ஒனக்க,
ஏத்தங்குலை