மலை தாங்கும், அடிவாரம் தாங்குமா? நடைக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், திருப்பத்தூர் பக்கமிருந்து வாரக் கடைசியில் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை ஏற வரும் அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

கொரோனா பரவாமல் இருக்க, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டுத் தலங்களில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்று அரசு அறிவித்து, 2021 ஆகஸ்ட் 9 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போக முடியாதவர்கள் "சரி, மலைக்காவது நடப்போம்" என்று எங்கள் பக்கம் திரும்பிவிட்டீர்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வீட்டு முகப்புக்கும் இரண்டாம்கட்டுக்குமாக மாதக்கணக்கில் நடந்து சலித்த கால்கள், கொஞ்சம் ஏற்றத்தைக் கேட்கத்தான் செய்யும். அதோடு, வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, கிழக்கே கடல், மேற்கே பிரான்மலை என்றுதானே செட்டிநாட்டுக்கு எல்லை சொல்வது வழக்கம். உங்கள் எல்லைக்கு நீங்கள் வருகிறீர்கள், வராதே என்று யார் சொல்வது?

சொல்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். போன வருடம் போல முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்துவிடலாம் என்று டீக்கடையில் பேச்சு ஓடுகிறது. நான் அந்தக் கட்சி இல்லை. கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மே மாதத்தில் ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் ஜனங்கள் அலைந்ததைப் பார்த்த பிறகும் சொல்கிறேன்: வீட்டுக்குள் அடைந்து சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் ஏறுவதைவிட, காற்றோட்டமான மலையில் நடப்பது எவ்வளவோ மேல். நோய் பெரும்பாலும் மூச்சுக்காற்றில் பரவுகிறது. திறந்தவெளியில், இடைவெளி விட்டு, வீசுகிற காற்றில் ஏறும்போது ஆபத்து குறைவுதான்.

ஆனால் நீங்கள் எப்படி வருகிறீர்கள் என்று பாருங்கள். ஒரு வேன், உள்ளே ஏசி, கண்ணாடி முழுக்க ஏற்றியிருக்கும். உள்ளே பாட்டு, சிரிப்பு, ஒரே தட்டில் சீடையும் தேன்குழலும் கைமாறுகிறது. அடிவாரத்தில் இறங்கியதும் எல்லாரும் ஒழுங்காக மாஸ்க் போட்டுக்கொள்கிறீர்கள்! போட வேண்டிய இடத்தில் கழற்றிவிட்டு, அவ்வளவாகத் தேவைப்படாத இடத்தில் போடுகிற வேலை இது. வேனில்தான் மாஸ்க் வேண்டும், கண்ணாடியும் இறங்கியிருக்க வேண்டும். ஒரே வீட்டுக்காரர்கள் ஒரு வண்டியில் வந்தால் இன்னும் நல்லது. மலையில் ஆள் இல்லாத இடத்தில் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஒற்றையடிப் பாதையில் எதிரே ஆள் வந்தால் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, இறங்குகிறவர் ஓரமாக ஒதுங்கி, ஏறுகிறவருக்கு வழி விடுங்கள். ஏறுகிறவருக்குத்தான் மூச்சு அதிகம் வாங்கும். வியர்வையில் நனைந்த மாஸ்க் மூச்சுக்கும் தடை, பாதுகாப்பும் குறைவு. மாற்றிக்கொள்ள இன்னொன்று கையில் இருக்கட்டும்.

கழற்றியதைப் புதரில் எறியாதீர்கள். குரங்குகள் எதையும் எடுத்துப் பிரித்து வாயில் வைத்துப் பார்க்கிற ஜாதி. வண்டலூர்ப் பூங்காவில் ஜூன் மாதம் சிங்கங்களுக்கே கொரோனா வந்து, செத்தும் போயிருக்கின்றன. குரங்குக்கு வராது என்று நான் எப்படி உத்தரவாதம் கொடுப்பது? பாவம், கோயில் கூட்டம் வராமல் பட்டினி கிடக்கிறதே என்று பிஸ்கட் நீட்டுகிறவர்களின் மனசு எனக்குப் புரிகிறது. இருந்தாலும் வேண்டாம்.

அடிவாரத்துக்கு வருவோம், இந்த மடலே அதற்காகத்தான். டீக்கடை பெஞ்சில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து, இறங்கிய களைப்பில் சத்தமாகப் பேசுகிறீர்கள். கடைக்கார அம்மா அறுபதைத் தாண்டியவர். கிளாஸ்களை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து வைக்கிறார். அவருக்குப் போட்டது கொரோனா தடுப்பூசியில் முதல் ஊசி மட்டும். அவருக்குப் போட்ட கோவிஷீல்டுக்கு, இந்த 2021 விதிப்படி 84 நாள் கழிந்தால்தான் இரண்டாவது. உங்களில் பலர் இரண்டும் போட்டிருப்பீர்கள், சந்தோஷம். ஊசி உங்களுக்கு நோய் முற்றாமல் காக்கும். அதற்காக உங்களிடமிருந்து இன்னொருவருக்குப் போகவே போகாது என்று அர்த்தம் இல்லை. தொற்று உள்ளவரிடமிருந்து, அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். "எனக்கு ஒன்றும் இல்லையே" என்ற பேச்சுக்கு அந்த இரண்டு நாளில் மதிப்பில்லை.

கடையில் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அந்த அம்மா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். சொந்தமாக டம்ளர் கொண்டுவந்து வாங்கி, தள்ளி நின்று குடியுங்கள். தண்ணீர் வீட்டிலிருந்தே ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது வரட்டும், வெயில் நாளில் அதுவும் பத்தாது. பாட்டிலை ஆளுக்கு ஆள் கைமாற்றாதீர்கள். அண்ணாந்து குடிக்கிற நல்ல பழக்கம் நமக்கு உண்டுதான். மூச்சிரைக்க ஏறும்போது எத்தனை பேர் அண்ணாந்து குடிக்கிறார்கள்?

அடுத்தது, நான் அதிகம் பயப்படுகிற விஷயம். கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல் உள்ள மலை இது. பாதி வழியில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் என்ன நடக்கும் தெரியுமா? 108 வண்டி அடிவாரம் வரைதான் வரும். மேலே போவது எங்கள் ஊர்ப் பையன்கள். நார்க்கட்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அடிபட்டவரைப் படுக்கவைத்து, கட்டில் காலுக்கு ஒருவராக நாலு பேர் தோள் கொடுத்து இறக்குவார்கள். வழுக்குப் பாறையில் ஒருவர் முகம் இன்னொருவர் கழுத்தில் படும். வலியில் கத்துகிறவர் மாஸ்க் போட்டிருக்கமாட்டார், தூக்குகிறவர்களும் அந்த இரைப்பில் கழற்றிவிடுவார்கள். இடைவெளி என்ற பேச்சுக்கே இடம் இல்லை. அந்த நாலு பேரும் ராத்திரி போய்ப் படுப்பது, அப்பத்தாவும் கைக்குழந்தையும் இருக்கிற ஒற்றை அறை வீடுகளில்.

குரங்கணியை மறந்திருக்கமாட்டீர்கள். 2018 மார்ச் 11ஆம் தேதி, தேனி மாவட்ட மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கேயும் உதவிக்கு ஏறியவர்களில் மலையடிவார மக்கள் உண்டு. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. காட்டுக்குள் வழி விலகிப் போக வனத்துறை அனுமதி வேண்டும். அவர்கள் இன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதில் வாதம் செய்யாதீர்கள். சிகரெட், சூடம், அடுப்பு எதுவும் மேலே போகவேண்டாம். பாறை இடுக்கில் மலைத்தேனீ இருக்கும், புகையும் கூச்சலும் அதற்கு ஆகாது.

ஆகவே இப்போதைக்கு உங்கள் சக்திக்கு ஒரு படி கீழேயே நடங்கள். புதுப் பாதை கண்டுபிடிக்கவும், செல்ஃபிக்காகப் பாறை விளிம்பில் நிற்கவும் இது காலம் இல்லை. விடிந்ததும் ஏறி, பாறை சுடுவதற்குள் இறங்கிவிடுங்கள். ஆவணியில் பகலெல்லாம் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் திடீரென்று இடியோடு மழை கொட்டும். நனைந்த பாறையில் ரப்பர் செருப்பு நிற்காது. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள், மேலே எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது.

கொரோனா வந்து தேறியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "நெகட்டிவ் வந்தாச்சு, நுரையீரல் எப்படி இருக்குன்னு மலையில் சோதிச்சுப் பார்க்கலாம்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். மலை என்ன ஸ்கேன் சென்டரா? காய்ச்சல் விட்ட பிறகும் இளைப்பும் படபடப்பும் பல வாரம் தங்குகிறது. முதலில் வீட்டு மாடிப்படி ஏறிப் பாருங்கள், அப்புறம் சமதளத்தில் ஊரைச் சுற்றி வாருங்கள். நெஞ்சில் பாரம், தலைச்சுற்றல், பேச முடியாத இரைப்பு இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் இந்தப் பக்கம் வராதீர்கள். குழுவில் ஒருவர் "முடியவில்லை" என்றால் எல்லாரும் இறங்குங்கள். "நீங்க இங்கேயே உட்காருங்க, நாங்க உச்சிக்குப் போயிட்டு வந்திடறோம்" என்று தனியாக விட்டுப் போவதைப் போல மோசமான காரியம் இல்லை.

உங்கள் வீட்டையும் யோசிக்கவேண்டும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் ஆயாவோ ஐயாவோ தனியாகக் காவல் இருக்கிற குடும்பங்கள் உங்களில் எத்தனையோ. வாரா வாரம் எட்டிப் பார்த்து மருந்து வாங்கிக் கொடுப்பது நீங்கள்தான். மலையிலிருந்து இறங்கிய கையோடு அங்கே போய் உட்காராதீர்கள்.

தைப்பூசத்துக்கு நகரத்தார் பாதயாத்திரை சிங்கம்புணரி வழியாகப் பழனிக்குப் போகும்போது, இந்தப் பக்கத்து ஊர்கள் மோரும் பானகமும் கொடுத்து, திண்ணையில் படுக்க இடமும் கொடுத்தவை. நடந்து வருகிறவர்களைப் பார்த்துக் கதவைச் சாத்துகிற வழக்கம் இங்கே கிடையாது. இப்போது சாத்துகிறார்கள் என்றால் அது பயத்தில்தான். அதற்காகக் கோபித்துக்கொண்டு கேட்டைத் தட்டித் தண்ணீர் கேட்காதீர்கள், கழிப்பறை கேட்காதீர்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. எல்லாக் குழுவும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து இறங்குவதால்தான் அடிவாரம் திணறுகிறது. உங்களுக்குள் பேசி, முடிந்தவர்கள் வார நாளில், ஐந்தாறு பேராக வாருங்கள். வருகிற வாரம் குழுவுக்கு ஒருவர் மட்டும் வந்து எங்கள் ஊராட்சிக்காரர்களைப் பாருங்கள். எந்தக் குழு எந்த நாள் என்று அங்கேயே எழுதிக்கொள்ளலாம். முள் வெட்டுகிற பேச்சை அதுவரை நான் தள்ளிப்போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
பிரான்மலை அடிவாரத்திலிருந்து
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருத்தி
ஆகஸ்ட் 2021