பெற்றோருக்குக் கலையார்வம் இல்லை என்று எழுதுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரில் நடைபெற்ற சிறுவர்களுக்கும் குடும்பங்களுக்குமான வார இறுதி ஓவியச் செயலமர்வு பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த செய்தியை வாசித்தேன். பிரதம அதிதி விளக்கேற்றும் படமும் பொன்னாடை போர்த்தும் படமும் தெளிவாக அச்சாகியிருந்தன. செய்தியின் கடைசி வரியில், பெற்றோரிடையே கலையார்வம் குன்றியிருப்பதாலேயே எதிர்பார்த்த அளவு பிள்ளைகள் வரவில்லை என்று ஏற்பாட்டாளர் ஒருவர் வருந்தியதாக எழுதப்பட்டிருந்தது. அந்த வரியை எதிர்க்கேள்வி எதுவுமின்றித் தாங்கள் வெளியிட்டது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வாழ்ந்து, பல்லாண்டுகள் முன்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி, இப்போது பேரப்பிள்ளைகளை வளர்த்துவருபவள் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அந்தச் செயலமர்வு நடந்தது வைகாசி மாதத்துச் சனிக்கிழமையொன்றில், முற்பகல் 8.30 மணிக்கு. வைகாசியில் எங்கள் ஊர்களில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடைபெறுவதும், கலியாணக்கால் நடுதலும் நிறைவுச் சடங்கான குளிர்த்தியும் முடியும்வரை வீடுகளில் வேறு வேலை ஓடாது என்பதும் தாங்கள் அறியாத செய்தியல்ல. அந்த நாட்களில் தென்னங்குருத்தில் தோரணம் பின்னுபவர்கள், பந்தல் சோடிப்பவர்கள், மடைக்குப் பூவும் பாளையும் ஒழுங்கு செய்பவர்கள் யாவரும் இந்தப் பெற்றோர்களே. தகப்பன் குருத்தை வகிர்ந்து கொடுக்க, மகள் மடித்துப் பின்ன, தாய் அதைக் கயிற்றில் கோக்கும் காட்சியைக் கோயில் வெளியில் எவரும் காணலாம். மூன்று தலைமுறையும் ஒரே பாயில் அமர்ந்து கைவேலை செய்யும் அந்த வாரத்தில், நகரத்து மண்டபத்துக்கு வரவில்லை என்பதற்காக அவர்களுக்குக் கலையார்வம் இல்லை என்று சொல்வது எவ்வகையில் நியாயம்?

சடங்கு இல்லாத வாரமாக இருந்திருந்தாலும் எத்தனை குடும்பங்கள் அந்த நேரத்துக்கு வந்திருக்க முடியும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலம் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிறகு எங்கள் பயணம் பெருமளவு இலகுவாகியது உண்மைதான். ஆயினும் பாலம் இருக்கும் இடத்துக்கு வருவதற்கே பல ஊர்க்காரர் உள்வீதிகளில் நெடுந்தூரம் வர வேண்டியிருக்கிறது; மண்டூர்ப் பக்கத்தவர்கள் இன்னும் குருமண்வெளிக்குப் ‘பாதை’ என்னும் மிதவைப் படகில்தான் வாவியைக் கடக்கிறார்கள். கைக்குழந்தையையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்து, 8.30 மணிக்கு நகரத்தில் நிற்க வேண்டுமாயின் ஒரு தாய் விடியுமுன் அடுப்பு மூட்ட வேண்டும். ஓட்டோ பிடித்து வருவதென்றால் கூலிக்கு வேளாண்மை வெட்டப் போகும் குடும்பத்தின் ஒரு நாள் உழைப்பு அதிலேயே போய்விடும். பெரும்போக அறுவடைக் காலத்தில் அதற்கும் வழியில்லை. இருப்பினும் இத்தகைய நிகழ்வுகள் ஆண்டுதோறும் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் அதே நகரத்து மண்டபங்களில்தான் நடத்தப்படுகின்றன. அங்கிருந்து நாற்காலிகளையும் வண்ணப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு எங்கள் கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைக்கோ வெல்லாவெளிக்கோ ஒரு வாகனம் வந்ததை நான் கண்டதில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை முற்பகல் முழுவதும் பிள்ளைகள் தனியார் வகுப்புகளில் இருக்கிறார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை எதிர்நோக்கும் பிள்ளைக்கு விளையாட்டு நேரமே மறுக்கப்படுகிறது என்பது தங்கள் இதழிலேயே பலமுறை எழுதப்பட்ட விடயம். ஞாயிறு காலையில் சைவப் பிள்ளைகளுக்கு அறநெறிப் பாடசாலை, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குத் திருப்பலியும் மறைக்கல்வியும் இருக்கின்றன. ஆக, வெயில் தணிந்த பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகே ஒரு குடும்பத்துக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும்போது தகரக் கூரையின் கீழ் நண்பகலில் சிறு பிள்ளைகளை இருத்துவது கொடுமை. இவ்வளவையும் ஏற்பாட்டாளர் அறிந்துகொள்வதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை. பாடசாலை வாசலில் பிள்ளைக்காகக் காத்து நிற்கும் ஒரு தாயிடம் கேட்டாலே போதும்.

குடும்பம் என்று அவர்கள் எதைக் கருதுகிறார்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை. விண்ணப்பப் படிவத்தில் தாயின் பெயர், தந்தையின் பெயர், இருவரது கையொப்பம் ஆகியன கேட்கப்பட்டிருந்தன. என் மகள் பிழைப்புக்காக மத்திய கிழக்கில் இருக்கிறாள். எங்கள் ஊரில் அவ்வாறு தாய் வெளிநாட்டில் இருக்க அம்மம்மாவின் கையில் வளரும் பிள்ளைகள் அனேகர். போரில் தகப்பனை இழந்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தப் படிவத்தை நிரப்பும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் விளக்கம் எழுத வேண்டிய நிலைக்கு ஒரு பாதுகாவலரைத் தள்ளினால், அவர் அதை மடித்து வைத்துவிடுவார். எங்கள் ஊரில் சிலர் அவ்வாறே செய்தார்கள்.

முன்னொருமுறை இதைப்போன்ற ஒரு குடும்பச் செயலமர்வுக்குப் பேரனை அழைத்துச் சென்றிருந்தேன். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என்று நெடுநேரம் சென்றது. அதிதி வரும்வரை வண்ணப் பெட்டிகளைத் திறக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. கிராமத்திலிருந்து வந்த பிள்ளைகளில் சிலரை அழைத்து வரவேற்பு நடனம் ஆடவைத்தார்கள். பிறகு, அச்சிட்ட மயிலின் உருவம் கொண்ட ஏ4 தாள் ஒவ்வொருவருக்கும் தரப்பட்டது. கோட்டுக்கு வெளியே வண்ணம் போகாமல் நிரப்பியவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். என்னைப் போன்ற பெரியவர்கள் பின்வரிசை நாற்காலிகளில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டோம். என் பேரன் மயிலுக்கு மண்ணிறம் பூசியிருந்தான்; எங்கள் வயலில் வந்து மேயும் பெண்மயிலின் நிறம் அது. இளம் தொண்டர் ஒருவர் அதைப் பார்த்து, மயில் நீலம் அல்லவா என்று கேட்டுப் புதிய தாள் கொடுத்துவிட்டுப் போனார். அவன் அதைத் தொடவில்லை. பரிசு பெறாத பிள்ளைகள் அழுதுகொண்டு வெளியேறியதையும் பார்த்தேன். இதன் பிறகு அவனை அங்கே அழைத்துச் செல்லவில்லை என்பதற்காக எனக்குக் கலையார்வம் குறைவு என்று முடிவு செய்வார்களா?

இதைவிடப் பழைய காயமொன்றும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்திய மாதங்களில், கரையோர முன்பள்ளி ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். வார இறுதிகளில் வாகனங்களில் வந்தவர்கள் பலர் பிள்ளைகளுக்குப் பஸ்டல் பெட்டிகளைக் கொடுத்து, கடலை வரையுங்கள், அலையை வரையுங்கள் என்று கேட்டார்கள். மாமரம் வரைந்த பிள்ளையிடமும் அலையே கேட்டார்கள். பிள்ளைகள் வரைந்தவற்றைச் சேகரித்து எடுத்துச் சென்றார்கள். அவற்றுள் ஒரு தாளேனும் எந்தத் தாயின் கைக்கும் திரும்பி வரவில்லை. தம்பியை இழந்த ஒரு சிறுமி தம்பியோடு தான் நிற்பதாக வரைந்த படத்தை அவளுடைய தாய் என்னிடம் பலமுறை கேட்டாள். என்னால் அதைப் பெற்றுக் கொடுக்க முடியவில்லை. பிள்ளையின் ஓவியம் பிள்ளையினுடையது. அது அவர்கள் வீட்டுச் சுவருக்குப் போக வேண்டியது. அன்று அந்தத் தாயை இப்படி நடத்திவிட்டு இன்று ஆர்வத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இந்த மாவட்டத்துக்கு இத்தகைய வேலை தெரியாததல்ல. போர் நடந்துகொண்டிருந்த 1996ஆம் ஆண்டிலே இங்கு தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஊர்களிலிருந்து பஸ்ஸில் அழைத்துவந்து களிமண்ணும் வண்ணமும் கதையும் கொண்டு அவர்களை ஒன்றாக இருக்கச் செய்தது. பிள்ளை வரவில்லையென்று அங்கே யாரும் குறைகூறிக்கொண்டிருக்கவில்லை, பஸ்ஸை அனுப்பினார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே எங்கள் ஊர்களில் கூத்து இருக்கிறது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆடுவோருக்குப் பாத்திரம் பகிர்ந்து சட்டம் கொடுத்த நாள்முதல் அரங்கேற்றம் வரை இரவு இரவாக நடக்கும் பழக்கத்தில், மத்தளத்துக்குப் பக்கத்தில் நின்று தாளக்கட்டைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் எத்தனை பேர்! ஆடுவோர் அணியும் கரப்புடுப்புக்கும் தலையில் சூடும் முடிக்கும் வேண்டிய வேலைகளில் கூத்தரின் வீட்டாரும் அயலவரும் கைகொடுப்பார்கள். என் தமையன் வடமோடிக் கூத்தில் ஆடிய காலத்தில் அவருடைய உடுப்புக்குக் கண்ணாடித் துண்டு ஒட்டியவர்கள் நானும் எங்கள் தாயாருமே. அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், மருதமுனையின் கைத்தறி வீடுகளில் நூலுக்கும் நிறத்துக்கும் நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்கு வண்ணச் சேர்க்கையை யாரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை.

ஆகவே ஏற்பாட்டாளர்கள் குடும்பங்களை உண்மையாகவே அழைக்க விரும்பினால், முதலில் பெரியவர்களைப் பின்வரிசையிலிருந்து எழுப்பிப் பாயில் பிள்ளையின் பக்கத்தில் இருத்தட்டும். பன் என்னும் கோரைப்புல்லில் பாய் இழைக்கத் தெரிந்த தாய்மார் இருக்கும் ஊரில் பன்னுக்குச் சாயமிடுவதையே ஒரு பிற்பகல் முழுவதும் செய்யலாம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேரும்போது சிவப்பாகும் அந்தக் கணத்தில் ஒரு நான்கு வயதுப் பிள்ளையின் கண் விரிவதைப் பார்த்தவர்கள் விலை உயர்ந்த வண்ணப் பெட்டியைத் தேட மாட்டார்கள். சுண்ணாம்பைப் பிள்ளை தொடக் கூடாது என்பதால் அந்த இடத்தில் அம்மம்மாவுக்கும் வேலை இருக்கிறது. அடுப்புக்கரி, செங்கல் தூள், குளத்துக் களிமண் ஆகியன செலவில்லாதவை. மூன்று, நான்கு வயதினருக்குத் தடித்த தூரிகையும் பெரிய தாளும் வேண்டும். அவர்கள் கால் மணி நேரத்துக்கு மேல் ஓரிடத்தில் இருக்க மாட்டார்கள் என்பதால் எழுந்து ஓட இடமும் வேண்டும். பத்து வயதுப் பிள்ளை ஒரே படத்தில் மணிக்கணக்கில் ஆழ்ந்திருக்கும். இருவரையும் ஒரே மேசையில் இருத்தினால் இருவருக்கும் நட்டம். கைகழுவத் தண்ணீர், ஈர ஓவியங்களைக் கொழுவ ஒரு கயிறு, தாய்மாருக்குச் சுத்தமான மலசலகூடம் ஆகியவை இருந்தால் போதும். மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம், போட்டியும் பரிசும் அறவே வேண்டாம். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே ஓவியமும் நாடகமும் பயிலும் மாணவர்களை மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகலில் வாவிக்கு இப்பால் அழைத்து வந்தால், காரைதீவிலே பிறந்த அந்தத் துறவியின் பெயருக்கும் அது பொருத்தமாக இருக்கும்.

தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவி ஒன்றுதான். இத்தகைய செயலமர்வுகளைப் பற்றிய செய்தி, அவை முடிந்த பிறகு அதிதிகளின் படங்களோடுதான் எங்களை வந்தடைகிறது. நடக்குமுன், குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்னதாக, நாள், நேரம், இடம், எந்த வயதினருக்கு, கட்டணம் உண்டா, பிள்ளையோடு யார் வரலாம், எந்த பஸ்ஸில் வரலாம் என்பவற்றை மாவட்டப் பக்கத்தின் ஒரு மூலையில் இலவசமாக வெளியிட்டு உதவ வேண்டும். அறிவித்தல் தரும் ஏற்பாட்டாளரிடம், படுவான்கரையில் எப்போது நடத்துவீர்கள் என்ற கேள்வியையும் தங்கள் நிருபர் கேட்டு, அவர் சொல்லும் பதிலை அதன் கீழேயே அச்சிட வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முன்பள்ளி ஆசிரியை,
படுவான்கரை, மட்டக்களப்பு.