கட்டைவிரல் எங்கே இருக்கிறது?

அன்புள்ள கோமு,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. நேரில் பார்க்கும்போது மொத்தமாகத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். என் வீட்டுக்காரர், அதாவது நம் கலெக்டர், கைத்தடி ஊன்றி வாசல்வரை நடக்கிறார். அதிகாரம் மட்டும் துளியும் குறையவில்லை.

உன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வாரம் ஆகிறது என்று நேற்றுதான் நம் தோழி பல்லி சொன்னாள். ஏன்டி, என்னிடம் சொல்லக்கூடாதா? சரி, என் மௌனத்துக்குப் பதில் மரியாதை என்று எடுத்துக்கொள்கிறேன். "கை துவண்டு கிடக்கிறது, மற்றபடி பயமில்லை" என்றாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

இவருக்கும் முதலில் அப்படித்தான். வலது கை ஈரத்துணி மாதிரி தொங்கியது. ஐந்தாவது வாரம் ஒரு நாள் காலையில் பெரிதாகக் கொட்டாவி விட்டார். கை தானாக மடங்கி மார்புவரை எழும்பியது! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். கைக்கு உயிர் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன்.

அது உயிர் இல்லை, கோமு. இறுக்கம். மெல்ல மெல்ல முழங்கை மடங்கியது, மணிக்கட்டு கவிழ்ந்தது, கட்டைவிரல் உள்ளே போய் மற்ற நான்கும் அதன்மேல் மூடிக்கொண்டன. "பிடியைப் பாருங்கள், எவ்வளவு பலம்!" என்று பெருமை வேறு. அழுத்திப் பழகட்டும் என்று ரப்பர் பந்து ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதம் இந்தக் கூத்து. வீட்டுக்கு அனுப்பும்போது ரத்த அழுத்தம், மாத்திரை, உப்பு எல்லாம் சொன்னவர்கள், கை இறுகக்கூடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நாள் குளிப்பாட்டும்போது நாற்றம் அடித்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வியர்வை ஊறி உள்ளங்கைத் தோல் வெளுத்திருந்தது. அதில் நகம் பதிந்த நான்கு பிறைகள். அவர் "வலிக்கவில்லை" என்றார். பொய்.

அதன் பிறகுதான் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட் கிடைத்தார். வெடுக்கென்று கையை நீட்டினால் தசை எதிர்த்துப் பிடித்துக்கொள்கிறது, நிதானமாக நீட்டினால் வழிவிடுகிறது. அதுதான் இந்த இறுக்கத்தின் அடையாளமாம். தசையை அடக்கி வைக்கும் மூளையின் கட்டளை அறுந்துபோனதால் வருவது. இதற்கு மதிப்பெண் உண்டு தெரியுமா? 0, 1, 1+, 2, 3, 4. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு 1+! நம் கணக்கு டீச்சர் கேட்டால் ஸ்கேலை எடுத்திருப்பார். இவருக்கு 3 போட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக மதிப்பெண் கூடியதற்காக வருந்தினேன்.

பிறகு பொட்டுலினம் ஊசி போட்டார்கள். ஆமாம், முகச்சுருக்கத்துக்குப் போடுகிறார்களே, அதேதான். "கை மட்டும் இளமையாகிவிட்டால் என்ன செய்வது?" என்று கலெக்டர் கவலைப்பட்டார். நரம்பின் நுனியிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை அது தடுத்து வைக்கிறது. சில நாளில் தளர ஆரம்பித்தது. மூன்று மாதம்போலத் தாங்கும். அந்த இடைவெளியில் நீட்டிப் பழக்குவதும், கையை மடங்கவிடாமல் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் போடுவதும்தான் நம் வேலை. ஊசி இழந்த அசைவைத் திருப்பித் தராது. ஆனால் இப்போது உள்ளங்கையைக் கழுவ முடிகிறது, சட்டைக்கை நுழைகிறது. மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் கவிழ்ந்தே நின்றுவிட்டது. தசையே குறுகிப்போன இடத்தில் ஊசிக்கு வேலை இல்லையாம். பந்தை அழுத்தச் சொன்ன அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

தசையைத் தளர்த்த பேக்லோஃபென் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். நாள் முழுக்கத் தூங்கி வழிந்தார். நானே நிறுத்தப் போனேன், நல்லவேளையாகக் கேட்டுவிட்டேன். சட்டென்று நிறுத்தினால் ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டுமாம். இன்னொரு முறை, தளர்ந்திருந்த கை ஒரே நாளில் மறுபடி முறுக்கிக்கொண்டது. பார்த்தால் சிறுநீரில் தொற்று! மலச்சிக்கல், புண், கால்நகம் சதைக்குள் வளர்வது எதுவானாலும் இறுக்கத்தைக் கூட்டிவிடும்.

எல்லோருக்கும் இறுக்கம் வருவதில்லை. அம்மாவுக்கு வராமலே போகலாம். ஆனாலும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதே. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இறுக்கம் என்ற வார்த்தையை நீயே எடு. அவர்களாக எடுக்க மாட்டார்கள். துவண்ட கையைப் பிடித்து இழுத்து அம்மாவைத் தூக்காதே, தோள் போய்விடும். கொட்டாவியில் கை எழும்பினால் என்னை மாதிரி கூச்சல் போடாமல் தேதியைக் குறித்து வை.

இன்றைக்குக் கை துடைக்கும்போது கட்டைவிரல் வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது.

கலெக்டர் தானும் கையெழுத்துப் போடுவேன் என்று அடம்பிடிக்கிறார், இடது கையால். கீழே இருக்கும் கிறுக்கல் அதுதான். சிரித்தாய் என்று தெரிந்தால் அவர் பேசமாட்டார்.

உன்,
குள்ளி