சீட்டு எழுதிக் குடுத்தா வேலை முடிஞ்சுதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வயசானவங்களுக்கு வர்ற மனச்சோர்வு பத்தி போன வாரம் நீங்க போட்ட செய்திய படிச்சேன். முகாம் நடத்தி நிறைய பேர அடையாளம் கண்டுபிடிச்சாங்கன்னு எழுதியிருந்தீங்க, நல்ல விஷயம்தான், ஆனா கண்டுபிடிச்சதுக்கப்புறம் அவங்கள்லாம் என்ன ஆனாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. எனக்கு அந்த வரிதான் சார் வேணும். (இன்னொண்ணு, தலைப்புல மன அழுத்தம்னு போட்டிருந்தீங்க, அது டென்ஷனுக்குச் சொல்றது. இது மனச்சோர்வு, டிப்ரஷன். ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா படிக்கிறவங்க 'ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்'னு போயிடறாங்க.)

எங்க அப்பாவுக்கு 76 வயசு. அம்மா போனதுக்கப்புறம் மனுஷன் கொஞ்சம் கொஞ்சமா ஒடுங்கிட்டார், ஆனா கவலையா இருக்குன்னு ஒரு நாள் கூட வாயத் திறந்து சொன்னதில்ல, முதுகு வலிக்குது, விடியக்காலம் மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது, சாப்பாடு இறங்க மாட்டேங்குது, எப்பவும் இதேதான். வயசாச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்னு நாங்களும் விட்டுட்டோம். அந்த வயசுல நிறைய பேருக்கு மனசோட நோவு உடம்பு வழியாத்தான் வெளிய வரும்னு எனக்குத் தெரிஞ்சதே ரொம்ப லேட்டா.

அந்த சமயத்துல ஒரு முகாமுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஜெரியாட்ரிக் டிப்ரஷன் ஸ்கேல்னு வயசானவங்களுக்குன்னே 1980கள்ல உருவாக்கின கேள்வித்தாள் ஒண்ணு இருக்கு, அதோட சின்ன வடிவத்துல 15 கேள்வி, ஆமா இல்லன்னு பதில் சொன்னா போதும், மதிப்பெண் 5ஐ தாண்டினா டாக்டர்கிட்ட காட்டணும். நல்ல கேள்வித்தாள்தான், கேட்ட விதம்தான் சரியில்ல. நான் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன், வாழ்க்கையில திருப்தியா இருக்கீங்களான்னு அந்தப் பொண்ணு கேக்குது, அப்பா என் முகத்த ஒரு தடவ பார்த்துட்டு 'ஓ, திருப்தி'ங்கறார். பாதி கேள்வி அவர் காதுல விழவே இல்ல, சும்மா தலைய ஆட்டினார். அந்தப் பொண்ணையும் குத்தம் சொல்ல முடியாது, பின்னாடி அவ்ளோ பெரிய வரிசை. அப்படிக் கேட்டும் 7 வந்துச்சு. 'டாக்டரைப் பார்க்கவும்'னு ஒரு சீட்டுல எழுதி அப்பா கையில குடுத்தாங்க, அவர் சட்டைப் பையில வச்சுக்கிட்டார், அடுத்த நாள் வாஷிங் மெஷின்லேருந்து அது கூழா வந்துச்சு. அதுக்கப்புறம் அஞ்சு மாசம் யாரும் வரல, ஒரு போன் கூட இல்ல. முகாம் கணக்குல எங்கப்பா 'அடையாளம் காணப்பட்டவர்'.

அப்புறம் வீடு தேடி வர்ற வேறொரு திட்டத்துல, பயிற்சி எடுத்த ரிட்டயர்டு நர்ஸம்மா ஒருத்தங்க வந்தாங்க. வந்ததும் முதல் வேலையா என்னை ரூமை விட்டு வெளிய போகச் சொன்னாங்க, அடுத்து அப்பாவோட காது மெஷின்ல பேட்டரி உயிரோட இருக்கான்னு பார்த்தாங்க. அதே 15 கேள்விதான், இந்தத் தடவ 11. அவங்களே டாக்டர்கிட்ட நேரம் வாங்கி, தைராய்டு, பி12 ரெண்டும் டெஸ்ட் பண்ண வச்சு, அப்பா ஏற்கனவே போட்டுக்கிட்டிருந்த மாத்திரையெல்லாம் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வரச் சொன்னாங்க, ஏன்னா சோர்வுக்கு இதுல எது வேணும்னாலும் காரணமா இருக்கலாமாம். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும், இந்த வயசுல ரத்தத்துல சோடியம் இறங்குதான்னும் பார்த்துக்கணும்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தாங்க, அதனாலதான் பத்தாவது நாள் அப்பா 'இது வேஸ்ட்'னு சொன்னப்போ நான் நிறுத்த விடல.

அதோட நர்ஸம்மா அப்பாவுக்கு வாரத்துக்கு ஒரு சின்ன வேலை குடுத்தாங்க. முதல் வாரம், வாசல் கேட்டுகிட்ட விழற பேப்பரை அவரே போய் எடுத்துட்டு வரணும், படிக்கக்கூட வேணாம், அவ்வளவுதான். ரெண்டு நாள் போகல, மூணாவது நாள் செருப்பு சத்தம் கேட்டுச்சு, நான் சமையல் ரூம்லயே அசையாம நின்னேன். மூணாவது வாரம் தலைப்புச் செய்திய நர்ஸம்மாகிட்ட சொல்லி அரசியல்வாதிய திட்ட ஆரம்பிச்சுட்டார்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. அமெரிக்காவுல சியாட்டில்ல பேர்ல்ஸ்னு ஒரு திட்டம், பயிற்சி எடுத்தவங்க வீட்டுக்கே வந்து சில மாசத்துல ஆறேழு தடவ இதே மாதிரி உட்கார்ந்து பேசறது. 138 பேர வச்சு பண்ணின அந்த ஆய்வு 2004ல வந்துச்சு, ஒரு வருஷத்துல 43 சதவீதம் பேருக்கு சோர்வு பாதியா குறைஞ்சுது, வழக்கமான கவனிப்புல இருந்தவங்கள்ல 15 சதவீதம்தான். நம்ம கோவாவுலயே 60 வயசு தாண்டின 181 பேர வச்சு பண்ணியிருக்காங்க, அங்க பேசினவங்க டாக்டருங்க கூட இல்ல, பயிற்சி குடுத்த சாதாரண ஆளுங்க. லேசான அறிகுறி மட்டும் இருந்தவங்கள்ல ஒரு வருஷத்துக்குள்ள முழு மனச்சோர்வுல போய் விழுந்தவங்க சுமார் 4 சதவீதம், அந்த உதவி கிடைக்காதவங்கள்ல 14. ரெண்டு இடத்துலயும் திரும்பத் திரும்ப போய் பார்த்திருக்காங்க சார், சீட்டு குடுத்துட்டு கிளம்பல.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கு. சில கேள்வித்தாள்ல, செத்துட்டா தேவலன்னு தோணுதான்னு ஒரு கேள்வி வரும். தனியா இருக்கற ஒருத்தர் யோசிச்சு யோசிச்சு கடைசியில ஆமான்னு சொல்லிட்டார்னா, டிக் போட்டுட்டு அடுத்த ஆளக் கூப்பிட முடியுமா? அன்னிக்கே அவரைப் பார்க்க ஒரு டாக்டர் இல்லாத இடத்துல அந்தக் கேள்விய கேக்கவே கூடாதுங்கறது என் கட்சி.

அதனால அடுத்த தடவ முகாம் செய்தி வந்தா உங்க நிருபர் எத்தனை பேர்கிட்ட கேட்டாங்கங்கறத விட்டுடட்டும். ரெண்டு வாரத்துக்குள்ள எத்தனை பேர திரும்பப் போய் பார்த்தாங்க, மூணு மாசம் கழிச்சு எத்தனை பேரோட மதிப்பெண் இறங்கியிருக்கு, இந்த ரெண்டையும் கேட்டு வாங்கிப் போடுங்க.

லெட்டரைப் போட்டீங்கன்னா என் பேர மட்டும் போடாதீங்க. காலைல கேட்டுக்குப் போய் பேப்பரை முதல்ல பிரிக்கறது இப்போ அப்பாதான், அதுவும் ஆசிரியர் கடிதம் பக்கத்தைத்தான் முதல்ல படிக்கறார்.

இப்படிக்கு,
ஒரு மகள்